லினக்ஸ் மிண்ட் மூணு தடவை போட்டாச்சு, மறுபடியும் "நோ பூட்டபிள் டிவைஸ்"

#1 குட்டிநரி | சனி, காலை 8:10

எல்லாருக்கும் வணக்கம். தலை சுத்துது, அதான் இங்க வந்தேன்.

பழைய லேப்டாப். விண்டோஸ் 7ஓட வந்தது, பின்னாடி அப்படியே 10க்கு ஏத்தினேன். 2025 அக்டோபர் 14ஓட 10க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்லைன்னு வாசல்லயே நிறுத்திடுச்சு. சரி, லினக்ஸ் மிண்ட் 22 போட்டுடுவோம்னு இறங்கினேன். உள்ள இருக்கிறது 256 ஜிபி எஸ்எஸ்டி, அது நல்லாத்தான் இருக்கு. பென் டிரைவ்லேர்ந்து பூட் பண்ண வைக்கிற வென்டாயைப் போட்டு, "டிஸ்கை முழுசா அழிச்சுட்டு போடு"ங்கிறதைத் தேர்வு பண்ணேன். இன்ஸ்டால் நல்லபடியா முடியுது, ஒரு எரரும் இல்லை. அப்புறம் பார்த்தா கறுப்புத் திரையில "நோ பூட்டபிள் டிவைஸ்", அதாவது பூட் பண்ண எந்த டிஸ்கும் இல்லையாம்.

மூணு தடவை போட்டாச்சு. மூணு தடவையும் இதே கதை. எஸ்எஸ்டி போச்சா?

#2 சும்மாஇரு | சனி, காலை 8:25

செக்யூர் பூட்டை (கையெழுத்தில்லாத பூட் நிரலைத் தடுக்கிறது) ஆஃப் பண்ணுங்க ப்ரோ. எப்பவும் அதான்.

#3 பூட்டுப்பூச்சி | சனி, காலை 9:02

எப்பவும் அது இல்லை, சும்மாஇரு.

குட்டிநரி, முதல்ல ஒண்ணு: நாலாவது தடவை இன்ஸ்டால் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவை அழிச்சுப் போடும்போதும் தடயமும் சேர்ந்து அழியுது.

பூட் ஆகாத மெஷின்ல நான் முதல்ல பார்க்கிறது, திரையில பேசுறது யாருங்கிறதைத்தான். "நோ பூட்டபிள் டிவைஸ்"னு சொல்றது மதர்போர்டுல இருக்கிற ஃபேர்ம்வேர், லேப்டாப்பை முதல்ல எழுப்பற மென்பொருள். அதாவது லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரல. "கிரப் ரெஸ்க்யூ"ன்னு ஒரு வரி வந்து நின்னா, பூட்லோடரோட (லினக்ஸை எழுப்பிவிடற குட்டி நிரல்) தலை கிடைச்சிருக்கு, உடம்பு கிடைக்கலைன்னு அர்த்தம். "இனிட்ராம்எஃப்எஸ்"னு வந்தா லினக்ஸோட மையமான கெர்னலே எழுந்துடுச்சு, ஆனா அதுக்கு சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷன் கிடைக்கல, இல்ல அந்த ஃபைல் சிஸ்டம் அடிபட்டிருக்கு. மிண்ட் லோகோ வந்து அப்புறம் கறுப்பாச்சுன்னா பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். கிரப் மெனுவுல இ அழுத்தி "நோமோட்செட்" சேர்த்துப் பார்க்கணும். செக்யூர் பூட் தடுத்தா அது வாய்விட்டே சொல்லும், "செக்யூரிட்டி வயலேஷன்"னு.

உங்களோடது முதல் வகை. அதனால எஸ்எஸ்டி மேல இப்பவே பழி போட வேண்டாம். ரெண்டு கேள்வி. லைவ் மிண்ட், அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லேர்ந்தே ஓடுற மிண்ட் வந்தா அதுல எஸ்எஸ்டி தெரியுதா? ஃபேர்ம்வேரோட செட்டப் திரையில என்னெல்லாம் இருக்கு? ஒண்ணு விடாம பார்த்து எழுதுங்க.

#4 சும்மாஇரு | சனி, காலை 9:11

2024 ஆகஸ்ட்ல ஒரு விண்டோஸ் அப்டேட் வந்து, டூயல் பூட் வச்சிருந்த நிறைய பேருக்கு லினக்ஸ் நின்னுபோச்சே, அது செக்யூர் பூட் இல்லாம வேற என்னவாம்? 😏

#5 பூட்டுப்பூச்சி | சனி, காலை 9:20

செக்யூர் பூட்தான். பழைய ஷிம் (செக்யூர் பூட்ல லினக்ஸ் எழுந்திருக்க முதல்ல ஓடுற நிரல்) எல்லாத்தையும் எஸ்பிஏடிங்கிற தடைப் பட்டியல் வச்சு ஒதுக்கிடுச்சு. ஆனா அன்னைக்குத் திரையில என்ன வந்துச்சு? "ஷிம் எஸ்பிஏடி" சோதனை தோத்துடுச்சு, "சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்"னு தெளிவா வந்துச்சு. இவர் திரையில அப்படி எதுவுமே இல்லையே.

#6 குட்டிநரி | சனி, காலை 10:05

நன்றி அண்ணா. லைவ் மிண்ட்ல எஸ்எஸ்டி தெரியுது, உள்ள ஃபைலும் இருக்கு. செட்டப் திரையில இருக்கிறது:

மெயின் பக்கம்: நேரம் 01:52, தேதி 01/01/2012. மெமரி 8 ஜிபி. எஸ்எஸ்டி பேர் சரியா வருது.
பூட் பக்கம்: பூட் மோட் லெகசி. வரிசையில முதல்ல யூஎஸ்பி, அடுத்து ஹார்ட் டிஸ்க், அடுத்து நெட்வொர்க்.
அட்வான்ஸ்டு: சாட்டா மோட் ஏஹெச்சிஐ.
செக்யூரிட்டி: பாஸ்வேர்டு எதுவும் இல்லை. செக்யூர் பூட்டுன்னு ஒரு வரியே இல்லை.

#7 வெள்ளிமேகம் | சனி, காலை 10:31

பூட் மோட் லெகசி. ஆள் சிக்கிட்டார்.

தம்பி, ஒரு லேப்டாப் எழுந்திருக்க ரெண்டு வழி உண்டு. பழைய வழி லெகசி. டிஸ்கோட முதல் செக்டார்ல இருக்கிற குட்டி கோடை எடுத்து ஓட்டும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். புது வழி யூஇஎஃப்ஐ. அது முதல் செக்டாரைக் கண்டுக்காது. ஃபேட்32ங்கிற ஃபார்மட்ல இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் திறந்து, உள்ள இருக்கிற பூட்லோடர் ஃபைலை ஓட்டும். இன்ஸ்டாலர் எந்த வழியில எழுந்ததோ அந்த வழிக்குத்தான் பூட்லோடரைப் போடும். ஒரு வழியில போட்டுட்டு இன்னொரு வழியில எழுப்பினா, அரிசி மூட்டையை மேல் மாடியில வச்சுட்டு கீழ் மாடியில தேடின மாதிரிதான்.

எந்த வழியில லைவ் மிண்ட் எழுந்திருக்குன்னு பார்க்க கமாண்டே வேண்டாம். ஃபைல் மேனேஜர்ல "ஃபைல் சிஸ்டம்" திறங்க, உள்ள சிஸ், அதுக்குள்ள ஃபேர்ம்வேர். அங்க இஎஃப்ஐ-ன்னு ஒரு ஃபோல்டர் இருந்தா யூஇஎஃப்ஐ. இல்லைன்னா லெகசி.

#8 குட்டிநரி | சனி, காலை 10:48

இல்லை அக்கா. இஎஃப்ஐ ஃபோல்டர் இல்லை.

#9 சும்மாஇரு | சனி, காலை 10:50

அப்ப லெகசில போட்டிருக்கார். யூஇஎஃப்ஐக்கு மாத்தி நாலாவது தடவை போட்டா முடிஞ்சது. இழையை மூடிடலாம்.

#10 குட்டிநரி | சனி, காலை 11:15

இருங்க, குழப்பமா இருக்கு. நான் பார்த்துப் போட்ட வழிகாட்டியில முதல் வேலையே "செட்டப்ல எஃப்9 அழுத்தி டீஃபால்டுக்குக் கொண்டு வா, அப்புறம் பூட் மோடை யூஇஎஃப்ஐ ஆக்கு, எஃப்10ல சேவ் பண்ணு"ங்கிறதுதான். மூணு தடவையும் அதைச் செஞ்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன். முதல் நாள் வென்டாய் திரையை ஃபோட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பியிருந்தேன், லினக்ஸ் போடறேன்னு பீத்திக்கறதுக்கு. இப்ப அதை எடுத்துப் பார்க்கிறேன். கீழ் மூலையில வெர்ஷன் பக்கத்துல யூஇஎஃப்ஐன்னு இருக்கு. இன்னைக்கு அதே இடத்துல பயாஸ்னு, அதாவது லெகசின்னு இருக்கு!

இன்னொண்ணு. டிஸ்க்ஸ் ஆப்ல எஸ்எஸ்டியைத் திறந்தா பார்ட்டிஷன் வகை ஜிபிடின்னு காட்டுது. முதல்ல 500 எம்பி சொச்சத்துல ஒரு ஃபேட் பார்ட்டிஷன். உள்ள இஎஃப்ஐ, அதுக்குள்ள உபுண்டுன்னு ஒரு ஃபோல்டர். நான் மிண்ட்தானே போட்டேன், உபுண்டு எங்கிருந்து வந்துச்சு?

#11 பூட்டுப்பூச்சி | சனி, காலை 11:40

உபுண்டு சரிதான், மிண்ட் அதன் மேலதான் கட்டினது. இஎஃப்ஐ ஃபோல்டருக்கு அந்தப் பேரையே வச்சிருக்காங்க. பயப்படாதீங்க.

ஆனா இந்த ஃபோட்டோ எல்லாத்தையும் கவுத்துப் போட்டுடுச்சு. நீங்க போட்டது யூஇஎஃப்ஐலதான், சந்தேகமே இல்லை. இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கு, பூட்லோடர் இருக்கு. முதல் செக்டார்ல மட்டும் லெகசிக்கு வேண்டிய கோட் எதுவும் இருக்காது. அதனாலதான் லெகசி மோட்ல அது "ஒண்ணும் இல்லையே"ன்னு கையை விரிக்குது. இன்ஸ்டால்ல ஒரு தப்பும் இல்லை.

அப்ப கேள்வி வேற. நீங்க யூஇஎஃப்ஐன்னு சேவ் பண்ணதை லெகசின்னு மாத்தினது யாரு?

இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்னு ஒரு கமாண்ட் இருக்கு (ஆமா, பேர்லயே வாத்தியார் இருக்கார்). பூட் என்ட்ரி எல்லாம் அதுல தெரியும். ஆனா லெகசில எழுந்த லைவ்ல போட்டா அவரும் "இஎஃப்ஐ வேரியபிள் இங்க இல்லை"ன்னு திருப்பி அனுப்பிடுவார். அதனால இன்ஸ்டால் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. செட்டப் போய் யூஇஎஃப்ஐன்னு மாத்தி, சேவ் பண்ணி, பென் டிரைவைக் கழட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

#12 மின்மினி | சனி, காலை 11:52

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்குத் தலைகீழ். புது லேப்டாப், இன்டெல் 12ஆம் தலைமுறை. விண்டோஸ் 11ஐ அழிச்சுப் புதுசா போடலாம்னு பென் டிரைவ்ல எழுந்தா, இன்ஸ்டாலர் "டிரைவே கிடைக்கல"ன்னு காலிப் பட்டியல் காட்டுது. ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் மட்டும் நல்லா ஓடுது. எஸ்எஸ்டி எங்க போச்சு?

#13 வெள்ளிமேகம் | சனி, பகல் 12:20

எங்கயும் போகல, திரைக்குப் பின்னாடி நிக்குது. 11ஆம் தலைமுறையிலேர்ந்து நிறைய இன்டெல் லேப்டாப்ல விஎம்டின்னு ஒரு ஸ்டோரேஜ் கண்ட்ரோலர் இயக்கத்துல வருது. என்விஎம்இ எஸ்எஸ்டி அதன் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கும். அதுக்கான டிரைவர் இன்ஸ்டாலர்ல இல்லைன்னா டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கும். அதை எடுத்து விரிச்சு, பென் டிரைவ்ல போட்டு, இன்ஸ்டாலர்ல "லோட் டிரைவர்" கொடுங்க.

செட்டப்ல விஎம்டியை அணைச்சாலும் வேலை ஆகும். சில மாடல்ல அந்த வரி ஒளிஞ்சிருக்கும், மெயின் பக்கத்துல கண்ட்ரோல் எஸ் அழுத்தினாத்தான் வெளிய வரும். ஆனா இருக்கிற விண்டோஸை வச்சுக்கிட்டே அணைச்சீங்கன்னா, அது "இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்"னு நீலத் திரையில விழுந்துடும். முழுசா அழிச்சுப் போடறவங்களுக்கு மட்டும் அந்த வழி.

இன்னொண்ணு, இதைத் தனியா சொல்றேன். செட்டப்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி டிஸ்கைக் குறியாக்கம் பண்ணிப் பூட்டுற பிட்லாக்கர் இருக்கான்னு பாருங்க. புது விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் கணக்குல உள்ள போனாலே அது தானா பூட்டி வச்சிருக்கலாம். செக்யூர் பூட், டிபிஎம் எதையாவது தொட்டா அடுத்த பூட்ல 48 இலக்கச் சாவி கேக்கும். சாவி இல்லைன்னா உள்ள இருக்கிற ஃபோட்டோ எல்லாத்துக்கும் கும்பிடு போட வேண்டியதுதான். முதல்ல சாவியை எழுதி வையுங்க, அப்புறம் மத்தது.

#14 மின்மினி | சனி, பகல் 1:30

லோட் டிரைவர் கொடுத்ததும் டிஸ்க் வந்துடுச்சு!! விஎம்டியைத் தொடவே இல்லை. கோடி நன்றி அக்கா. சாவியையும் எழுதி வச்சுட்டேன்.

#15 குட்டிநரி | சனி, பகல் 2:05

அண்ணா... யூஇஎஃப்ஐன்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணேன். மிண்ட் நேரா டெஸ்க்டாப் வரைக்கும் வந்துடுச்சு. நான் மூணாவது தடவை வச்ச வால்பேப்பர் அப்படியே இருக்கு.

அப்ப மூணு தடவை போட்டது எதுக்கு?

#16 சும்மாஇரு | சனி, பகல் 2:08

பயிற்சிக்கு. 🙏

#17 கரும்பலகை | சனி, மாலை 4:15

இழையை இப்போதுதான் முழுமையாகப் படித்தேன். இன்னும் தீரவில்லை என்றே நினைக்கிறேன். சேமித்த அமைப்பு ஏன் மாறியது என்பதற்கு இன்னும் விடை இல்லை.

லினக்ஸ் நிறுவியதால் செட்டப் அமைப்புகள் சேமிக்கப்படாமல் போன வழக்கு உண்மையிலேயே ஒன்று உண்டு. உபுண்டு 17.10 வந்தபோது, அதன் கெர்னலில் இருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர் சில லேப்டாப்களின் ஃபேர்ம்வேர் சிப்பை எழுத முடியாதபடி பூட்டிவிட்டது. செட்டப்பில் எதை மாற்றினாலும் நிற்கவில்லை. 2017 டிசம்பரில் அந்த வெளியீட்டின் பதிவிறக்கத்தையே நிறுத்தி வைத்தார்கள். டிரைவரை முடக்கி 2018 ஜனவரியில் மீண்டும் வெளியிட்டார்கள்.

குட்டிநரியின் பிரச்சினை அதுவாக இருக்க வாய்ப்பில்லை. அதில் ஒரு ரீஸ்டார்ட்டுக்குக்கூட மாற்றம் தங்காது. இவருக்கு ரீஸ்டார்ட்டில் தங்கியிருக்கிறது. அப்படியானால் எப்போது போகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

#18 குட்டிநரி | சனி, மாலை 4:50

சார், இப்ப நீங்க கேட்டதும்தான் ஒண்ணு தோணுது. முதல்லயே சொல்லியிருக்கணும், முக்கியம்னு நினைக்கல. மூணு தடவையும் ராத்திரிதான் இன்ஸ்டால் பண்ணேன். போட்ட உடனே ரீஸ்டார்ட் ஆகி நல்லாத்தான் வரும். படம் பார்ப்பேன், அப்டேட் எல்லாம் போடுவேன். காலையில எழுந்து ஆன் பண்ணாத்தான் நோ பூட்டபிள் டிவைஸ். அதான் எஸ்எஸ்டி மேல சந்தேகம் வந்துச்சு.

#19 பூட்டுப்பூச்சி | சனி, மாலை 5:01

அட! இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா காலை டிபனுக்கு முன்னாடி முடிச்சிருக்கலாமே. 😄

ராத்திரி சார்ஜரைக் கழட்டி வைப்பீங்களா? லேப்டாப் பேட்டரி எப்படி இருக்கு?

#20 குட்டிநரி | சனி, மாலை 5:06

பேட்டரி உப்பிப்போய் எடுத்துட்டேன், ஆறு மாசம் ஆச்சு. சார்ஜர்லயே ஓட்டறேன். ராத்திரி பிளக்கை எடுத்துடுவேன். ஏன் அண்ணா?

#21 பூட்டுப்பூச்சி | சனி, மாலை 5:30

#6ல நீங்களே விடையை எழுதி வச்சிருக்கீங்க. "நேரம் 01:52, தேதி 01/01/2012." நாங்க நாலு பேரும் பூட் மோடைப் பார்த்துட்டு அந்த வரியைத் தாண்டிப் போயிட்டோம். எனக்கே வெட்கமா இருக்கு.

மதர்போர்டுல ஒரு பட்டன் செல் இருக்கும். லேப்டாப் அணைஞ்சிருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுறது அதுதான். பல பழைய மெஷின்ல செட்டப் அமைப்புகளும் அதோட தயவுலதான் தங்கியிருக்கும். செல் செத்துப்போச்சுன்னா, பேட்டரியோ சார்ஜரோ இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டும் இல்லாத ராத்திரி கடிகாரம் பிறந்த நாளுக்குப் போயிடும், செட்டப் டீஃபால்டுக்குப் போயிடும். உங்க மெஷினோட டீஃபால்ட் லெகசி.

விண்டோஸ் இருந்தப்பவும் காலையில தேதி தப்பாக் காட்டி, நெட் கிடைச்சதும் சரியாயிடுமே, கவனிச்சிருக்கீங்களா?

#22 குட்டிநரி | சனி, மாலை 5:38

ஆமா ஆமா! பிரவுசர்ல எந்தத் தளமும் திறக்காது, சர்ட்டிஃபிகேட் தப்புன்னு சொல்லும். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். நெட் கம்பெனியைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். ஆனா விண்டோஸ் ஒரு நாளும் பூட் ஆகாம இருந்தது இல்லையே?

#23 கரும்பலகை | சனி, மாலை 6:10

விண்டோஸ் 7 காலத்தில் லெகசி முறையில் நிறுவப்பட்டு, அப்படியே 10க்கு உயர்த்தப்பட்டது அல்லவா? அமைப்பு தினமும் லெகசிக்குத் திரும்பினாலும் அதற்கு ஒன்றுமில்லை, அதன் இடமே அதுதான். நீங்கள் யூஇஎஃப்ஐக்கு மாறிய அன்றுதான் செல் செத்தது வெளியே தெரிந்தது. வழிகாட்டி எஃப்9 அழுத்தச் சொன்னதால், செட்டப் ஏற்கெனவே டீஃபால்டில் நின்றதை நீங்கள் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

பூட் என்ட்ரிகள் மட்டும் உங்கள் மெஷினில் ஃப்ளாஷ் சிப்பில் தங்கியிருக்கின்றன. அதனால்தான் மோடை மாற்றியதும் மிண்ட் நேராக வந்தது.

உறுதி செய்ய ஒரு சோதனை: செட்டப்பில் தேதியைச் சரிசெய்து, அணைத்து, சார்ஜரை மாட்டியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து பாருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி இன்னொரு மணி நேரம். முதலாவதில் தேதி தங்கி, இரண்டாவதில் தங்காவிட்டால் செல்தான்.

#24 குட்டிநரி | சனி, இரவு 9:15

அப்படியே ஆச்சு. மாட்டியிருந்தப்ப தேதி சரி. கழட்டி வச்சதும் மறுபடி 2012.

#25 சும்மாஇரு | சனி, இரவு 9:22

செல்லெல்லாம் எதுக்கு மாத்தணும்? லெகசிலயே மிண்டைப் போட்டுட்டா டீஃபால்டும் அதுவும் ஒத்துப்போயிடும். 256 ஜிபி டிஸ்க்ல எம்பிஆர்ங்கிற பழைய பார்ட்டிஷன் முறையோட 2 டிபி எல்லை இடிக்கப் போறதில்லை. செக்யூர் பூட்டும் இந்த மெஷின்ல கிடையாது. ஒரு ஸ்க்ரூகூடக் கழட்ட வேண்டாம்.

#26 வெள்ளிமேகம் | சனி, இரவு 9:40

இந்த இழையில நீங்க சொன்னதுலயே உருப்படியானது இதுதான் 😄 உண்மையாவே அது வேலை செய்யும். ஆனா கடிகாரம் தினமும் 2012ல எழுந்தா, நெட் கிடைக்கிற வரைக்கும் அவஸ்தை தொடரும். சாட்டா மோட் மாதிரி வேற எதையாவது மாத்தினாலும் அதுவும் காலையில காணாமப்போகும். செல்லை மாத்துறதுதான் என் கட்சி.

#27 பூட்டுப்பூச்சி | சனி, இரவு 9:55

நானும் அதே கட்சி. குட்டிநரி, திறக்கும்போது கவனம். சார்ஜர் கழட்டியிருக்கணும். செல் பெரும்பாலும் சிஆர்2032 ஆக இருக்கும், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 கனம், பேர்லயே அளவு இருக்கு. சில லேப்டாப்ல சும்மா சொருகியிருக்கும், சிலதுல ரெண்டு வயரும் குட்டி பிளக்கும் வச்சு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு அதே வகை வாங்குங்க. எம்எல்-னு ஆரம்பிச்சா அது சார்ஜ் ஆகிற வகை. அந்த இடத்துல சாதா சிஆர் செல்லை வைக்கக் கூடாது, சார்ஜ் ஏறினா வெடிக்கவும் வாய்ப்பு உண்டு.

#28 குட்டிநரி | புதன், காலை 7:30

வயர் வச்ச சிஆர்2032. கீபோர்டுக்கு அடியில ஒட்டி வச்சிருந்தாங்க, கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம். மல்டிமீட்டர்ல வச்சா 0.4 வோல்ட். புதுசு 3.2 காட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி மாட்டினேன். செட்டப்ல தேதி, யூஇஎஃப்ஐ ரெண்டையும் போட்டு சேவ் பண்ணி, வேணும்னே பிளக்கை எடுத்துட்டுப் படுத்தேன். திங்கள், செவ்வாய், இன்னைக்கு, மூணு காலையும் மிண்ட் நேரா வந்துடுச்சு. தேதியும் சரி. இந்தப் பதிவு அதுலேர்ந்துதான்.

ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சம் இருக்கு. எங்கேன்னு தெரியல.

#29 சும்மாஇரு | புதன், காலை 7:41

ஒண்ணுதானா? அப்ப நல்லா மாட்டியிருக்கீங்க.

#30 பூட்டுப்பூச்சி | புதன், காலை 8:05

தலைப்புல "தீர்ந்தது"ன்னு சேர்த்துடுங்க குட்டிநரி. முடிஞ்சா "தேதியைப் பார்க்கவும்"னும் சேருங்க. அடுத்து தேடி வர்றவங்களாவது முப்பது பதிவு படிக்காம தப்பிக்கட்டும்.